உள்ளே பாயும் நீரில் குதியுங்கள்: மாலத்தீவுக் கால்வாய்களில் ஸ்கூபா

மாலத்தீவை விமானத்திலிருந்து பார்த்தால் நீல விரிப்பில் மோதிரங்களைச் சிதறவிட்டது போலிருக்கும். ஒவ்வொரு மோதிரமும் ஓர் அடோல். உலகம் முழுக்கப் புழங்கும் இந்தச் சொல்லைக் கொடுத்ததே மாலத்தீவின் திவேஹி மொழிதான். மோதிரத்தின் விளிம்பு பவளப்பாறை, நடுவில் உட்கடல், வெளியே சரேலெனச் சில நூறு மீட்டர் இறங்கும் இந்தியப் பெருங்கடல். விளிம்பு ஆங்காங்கே அறுந்திருக்கும். கடல் உள்ளே வரவும் வெளியே போகவும் அந்த இடைவெளிகள்தான் வழி. யாரும் வெட்டாத கால்வாய்கள்.

திவேஹியில் இவற்றைக் 'கண்டு' என்பார்கள். டைவ் தளப் பெயர்களின் வாலில் வருகிற கண்டு எல்லாம் இதுதான். 'திலா' என்றால் நீருக்கடியிலேயே நின்றுவிடும் பாறைக்குன்று. 'கிரி' கிட்டத்தட்ட நீர்மட்டம் வரை எட்டும் சிறு குன்று. 'மியாரு' என்றால் சுறா. ஆக, மியாரு கண்டு என்று பெயர் வைத்திருந்தால் எதற்காகக் குதிக்கிறோம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. டைவ் படகுக்கு அங்கே 'தோணி'. நமக்கு அதை மொழிபெயர்க்கவே வேண்டாம்.

அகன்ற கண்மாயில் அசையாமல் கிடக்கும் நீர் மடையை நெருங்கும்போது எப்படி வேகம் பிடிக்கிறதோ, அதேதான் இங்கும் நடக்கிறது. வெளிக்கடலில் மெல்ல நகரும் நீரோட்டம், நம் மீனவர்கள் 'நீவாடு' என்று சொல்வது, கால்வாயின் வாயில் நெருக்கப்பட்டு ஆறு போல ஓடும். அந்த ஓட்டம் இரையைக் கொண்டுவரும். இரைக்குப் பின்னால் மீன், மீனுக்குப் பின்னால் சுறா. பார்க்க வேண்டியதெல்லாம் அங்கேயே இருக்கிறது. ஆபத்தும் அங்கேயேதான்.

உள்ளேயா, வெளியேயா?

படகில் ஏறியதும் வழிகாட்டியிடம் கேட்க வேண்டியது ஒரு கேள்வி: நீர் இப்போது அடோலுக்குள் போகிறதா, வெளியே வருகிறதா?

உள்ளே போகிறது என்றால் குதிக்கலாம். வெளிக்கடலின் தெளிந்த நீர் வருவதால் 25, 30 மீட்டர் தூரம் வரை பார்வை கிடைக்கும். சாம்பல் சுறாக்கள் வாயின் விளிம்பில் ஓட்டத்துக்கு முகம் காட்டி வரிசையாக நிற்கும். பிடி நழுவினாலும் நீர் உங்களை உட்கடலுக்குத்தான் தள்ளும். அங்கே அலை குறைவு, தரை மேலேறி வரும், தோணி எளிதில் கண்டுபிடிக்கும்.

வெளியே வருகிறது என்றால் கதை வேறு. உட்கடலின் மணலும் மிதவையுயிர்களும் கலந்த நீர் வருவதால் பார்வை பாதியாகும். பிடி நழுவினால் போய்ச் சேருமிடம் பெருங்கடல். விளிம்பைத் தாண்டும் நீர் வெளிச்சுவரில் அருவி மாதிரிக் கீழே இறங்கும் இடங்களும் உண்டு. 25 மீட்டரில் இருந்தவரை அது 40க்கு இழுத்துவிடும். ஓட்டம் வெளிநோக்கி இருக்கும் நாளில் வாயை விட்டுவிட்டு உட்புறத் திலா ஒன்றுக்குப் போவதே சரி. 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்பது குதிப்பதற்கான காரணம் ஆகாது.

திசையைப் பருவக்காற்று பெருமளவு தீர்மானிக்கிறது. வடகிழக்குப் பருவத்தில் (திவேஹியில் இருவை, ஏறக்குறைய டிசம்பர் முதல் ஏப்ரல் வரை) நீர் கிழக்கிலிருந்து மேற்காக நகரும். அப்போது அடோல்களின் கிழக்குப் பக்கக் கால்வாய்களில் ஓட்டம் பெரும்பாலும் உள்நோக்கி. சுறா பார்க்க ஜனவரி முதல் மார்ச் வரை கிழக்குக் கால்வாய்களுக்குப் போகச் சொல்வது இதனால்தான். தென்மேற்குப் பருவத்தில் (ஹுளங்கு, மே முதல் நவம்பர் வரை) எல்லாம் புரளும். கிழக்குப் பக்கம் கலங்கிய நீர் வெளியேறும். அதில் மிதவையுயிர்கள் மிகுதி. ஆகவே மாண்டா திருக்கைகள் அந்தப் பக்கம் சேரும். சுறாவும் தெளிந்த நீரும் வேண்டுமா, மாண்டா வேண்டுமா என்று முடிவு செய்துகொண்டு மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் ஒரே பக்கம் ஒரே வாரத்தில் கிடைக்கும் என்று விற்பவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

பருவக்காற்றுக்கு மேல் ஓதம், அதாவது கடல் நீர்மட்டம் ஏறி இறங்குவது. மாலத்தீவில் ஓத ஏற்றம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆனாலும் கால்வாயின் வாயில் அந்த ஒரு மீட்டரே ஓட்டத்தைக் கூட்டும், குறைக்கும், சில நாள் திருப்பியும் விடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் வலுக்கும்; அரைநிலா நாட்களில் தணியும். முதல்முறை கால்வாயில் இறங்குபவர் அரைநிலா வாரத்தில் பயணத்தை வைத்துக்கொண்டால் நல்லது. ஓத நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்றுக் காலை 8 மணிக்கு நன்றாக இருந்த ஓட்டம் இன்று அதே மணிக்கு இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

அட்டவணையை மட்டும் நம்பி யாரும் குதிப்பதில்லை. வழிகாட்டி மாஸ்க், ஃபின்னோடு (காலில் மாட்டும் துடுப்பு) முதலில் தனியாக இறங்கிப் பார்ப்பார். மேலே ஓட்டம் ஒரு பக்கமும் 10 மீட்டரில் வேறு பக்கமும் இருக்கலாம் என்பதால் கொஞ்சம் ஆழம் போய் மீன்கள் எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கின்றன என்று பார்ப்பார். மீன் எப்போதும் வருகிற நீரை எதிர்த்தே நிற்கும். படகிலிருந்தே நீங்களும் கவனிக்கலாம். காற்றும் ஓட்டமும் எதிரெதிராக இருந்தால் கால்வாய் வாயில் அலைகள் குட்டையாக, செங்குத்தாக, உலை கொதிப்பது போலத் தெரியும். வடகிழக்குப் பருவத்தில் கிழக்கு வாய் அப்படிக் கொதித்தால் நீர் வெளியே வருகிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். சோதனை பார்க்காமல் 'குதிங்க, போகலாம்' என்று சொல்லும் படகில் அடுத்த நாள் ஏறாதீர்கள்.

காற்றுக் கணக்கு

மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவின் சட்டபூர்வ எல்லை 30 மீட்டர். அழுத்தக்குறைப்பு நிறுத்தம் (உடலில் கரைந்த வாயு வெளியேற, மேலே வரும் வழியில் காத்திருப்பது) தேவைப்படும் அளவுக்குக் கீழே தங்கவும் அனுமதி இல்லை. பல கால்வாய்களின் விளிம்பு 25 முதல் 30 மீட்டரில், சிலவற்றில் இன்னும் ஆழத்தில் இருப்பதால், காட்சியும் எல்லையும் ஒரே இடத்தில் வந்து மோதும். ஓப்பன் வாட்டர் சான்றிதழ் 18 மீட்டருக்குத்தான். அட்வான்ஸ்டு சான்றிதழ் இல்லாமல் இந்த டைவ்களுக்குக் கிளம்ப வேண்டாம். பல படகுகள் அதோடு 50 டைவ் பதிவும் கேட்கும். கேட்பது நியாயமே.

சாதாரணக் காற்றில் 30 மீட்டரில் நிறுத்தமின்றித் தங்கக்கூடிய நேரம் ஏறக்குறைய 20 நிமிடம். 32 சதவீத நைட்ராக்ஸில் (ஆக்ஸிஜன் கூட்டிய காற்றுக் கலவை) அது 30 நிமிடம் பக்கம் போகும். 32 கலவையை 1.4 பார் ஆக்ஸிஜன் அழுத்தத்துக்குக் கணக்கிட்டால் எல்லை 33 மீட்டர் சொச்சம் வரும்; 30 மீட்டர் சட்ட எல்லை அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. கால்வாய்க்கென்றே செய்துவைத்த கலவை போல. நைட்ராக்ஸ் படிப்பை ஊரிலேயே முடித்துவிட்டு வாருங்கள். ஒவ்வொரு சிலிண்டரையும் நீங்களே ஆக்ஸிஜன் அளவி வைத்து அளந்து, டைவ் கம்ப்யூட்டரில் அந்த எண்ணைப் பதியுங்கள்.

நேரம் மிச்சமிருந்தாலும் காற்று தீர்ந்துவிடும் என்பதுதான் இங்கே நடைமுறை. வழக்கமான அலுமினிய சிலிண்டர் 11.1 லிட்டர் கொள்ளளவு. 200 பாரில் 2,220 லிட்டர் காற்று. அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர், 30 மீட்டரில் நான்கு மடங்கு அழுத்தத்தில் 80 லிட்டர் இழுப்பார். ஓட்டத்தை எதிர்த்துக் காலடித்தால் அதுவே 120 ஆகும், அதற்கு மேலும் போகும்.

திரும்ப வேண்டிய அளவை இப்படிப் போட்டுப் பாருங்கள். மோசமான நிலை: 30 மீட்டரில் கூட்டாளியின் காற்று தீர்ந்துவிட்டது, இருவரும் ஒரே சிலிண்டரில், பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர், ஆக 60 லிட்டர். நிலைமையைச் சமாளிக்க 30 மீட்டரில் ஒரு நிமிடம்: 60 × 4 = 240 லிட்டர். 5 மீட்டர் வரை ஏற, நிமிடத்துக்கு 9 மீட்டர் வீதம் ஏறக்குறைய 3 நிமிடம். சராசரி அழுத்தம் 2.75 பார்: 495 லிட்டர். 5 மீட்டரில் 3 நிமிட நிறுத்தம்: 270. மேலே வரக் கடைசி ஒரு நிமிடம்: 75. கூட்டினால் 1,080 லிட்டர். அதை 11.1 ஆல் வகுத்தால் 97 பார்.

ஆகவே விளிம்பில் 100 பார் காட்டும்போது, ஓட்டத்தில் நிற்கப் பாறையில் மாட்டியிருக்கும் கொக்கியைக் கழற்ற வேண்டும். '50 பாரோடு மேலே வா' என்ற பள்ளிப்பாடம் வேறு. அது படகுக்கு வந்து சேரும்போது இருக்க வேண்டிய அளவு. குழுவில் யாருடைய அழுத்த அளவி முதலில் 100 தொடுகிறதோ அவருக்காக அவருடைய ஜோடியும் கிளம்ப வேண்டும். இதில் கூச்சப்பட்டு மறைப்பவர்கள்தான் வழிகாட்டிகளின் தலைவலி.

உடலில் என்ன தொங்க வேண்டும்

நீர் 27 முதல் 30 டிகிரி, 3 மி.மீ. உடை போதும். ஒரு நாளில் மூன்று, நான்கு முறை இறங்குபவருக்கு 5 மி.மீ. வசதி. எடையைக் கூட்டிக்கொண்டால் வேகமாக மூழ்கலாம் என்று ஒரு கிலோ, இரண்டு கிலோ சேர்த்துப் போடும் வழக்கம் உண்டு. வேண்டாத வேலை. கூடுதல் எடையைச் சமன் செய்ய பிசிடியில் (காற்றடைத்து மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் அங்கி) கூடுதல் காற்று, அந்தக் காற்றுப் பையில் கூடுதல் இழுவை, இழுவையால் கூடுதல் மூச்சு. சரியான அளவு இதுதான்: 50 பார் மீதமிருக்கும் சிலிண்டரோடு, காலிப் பிசிடியோடு, 5 மீட்டரில் அசையாமல் நிற்க முடிய வேண்டும். அலுமினிய சிலிண்டர் காலியாகும்போது 2 கிலோ அளவுக்கு இலேசாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

எஸ்எம்பி எனும் மிதவைக் குழாய் ஜோடிக்கு ஒன்றல்ல, ஆளுக்கு ஒன்று. 1.5 மீட்டராவது நீளம் வேண்டும். ஒரு மீட்டர் அலைக்கு நடுவே குட்டைக் குழாய் தோணிக்காரர் கண்ணில் படாது. கூடவே 30 மீட்டர் நூல் சுற்றிய ஸ்பூல், விசில், நூலறுக்க ஒரு சிறு கத்தி. மாற்று ரெகுலேட்டரின் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) வாய்ப்பகுதி கீழ்நோக்கி இருக்கும்படி செருகுங்கள். ஓட்டத்தைப் பார்த்தபடி இருந்தால் பொத்தான் அழுந்திக் காற்று கொட்டத் தொடங்கும். காமெரா வைத்திருப்பவர் அதைச் சுருள் கயிற்றில் மாட்டி உடலோடு ஒட்டிவைக்க வேண்டும்.

ஓட்டக் கொக்கி: 1.5 முதல் 2 மீட்டர் கயிறு, ஒரு முனையில் மழுங்கிய இரும்புக் கொக்கி, மறுமுனையில் கிளிப். கிளிப்பை மாட்டும் இடம் முக்கியம். தோள் வளையத்தில் மாட்டினால் உடல் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டே இருக்கும். இடுப்பின் நடுவிலோ இடுப்புப்பட்டை வளையத்திலோ மாட்டுங்கள். கையுறை பல படகுகளில் அனுமதி இல்லை. கையுறை இருந்தால் கண்டதையும் பிடிப்பார்கள் என்பதுதான் காரணம்.

குதிப்பும் இறக்கமும்

கால்வாயில் 'குதி, மிதந்து கூடு, பிறகு இறங்கு' முறை வேலை செய்யாது. ஒரு நாட் வேகமுள்ள ஓட்டம் நிமிடத்துக்கு 30 மீட்டர் நகர்த்தும்; இரண்டு நாட் என்றால் 60. மேலே ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும் ஒன்றரை நிமிடத்தில் வாயைக் கடந்து உள்ளே போய்விடுவீர்கள். ஆகவே காலிப் பிசிடியோடு குதித்து நேராக இறங்கும் முறை. நீச்சல் தெரிந்த யாரும் ஒரு நாட் ஓட்டத்தை எதிர்த்துச் சிறிது நேரம்தான் தாக்குப்பிடிக்க முடியும், இரண்டு நாட்டை எதிர்க்கவே முடியாது. குதிக்கும் இடம் சரியாக இருந்தால் எதிர்க்க வேண்டிய தேவையே வராது.

25 மீட்டர் இறங்க ஒன்றரை நிமிடம் என்று வையுங்கள். ஒரு நாட் ஓட்டத்தில் அதற்குள் 45 மீட்டர் நகர்வீர்கள். தடுமாற்றத்துக்கும் சேர்த்து, வாயின் மூலைக்கு 80 முதல் 100 மீட்டர் முன்பாக, வெளிச்சுவரை ஒட்டித் தோணி உங்களை இறக்க வேண்டும்.

கூட்டாளிச் சோதனை தோணியிலேயே முடியட்டும். வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா என்று அளவியைப் பார்த்தபடியே நான்கு முறை ஆழ மூச்சு விடுங்கள்; முள் ஆடினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை. பிசிடியிலிருந்து மிச்சக் காற்றை வாயால் உறிஞ்சியே எடுத்துவிடுங்கள். காதை ஒருமுறை மெல்ல ஊதிச் சமன் செய்துகொண்டு, மாஸ்க்கையும் ரெகுலேட்டரையும் ஒரு கையால் அழுத்தி, வழிகாட்டியின் எண்ணிக்கைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் பின்புறமாகச் சாய வேண்டும். 20 விநாடி தாமதிப்பவர் கீழே குழுவைப் பார்க்கமாட்டார். குதித்ததும் மூச்சை முழுதாக விட்டு, தலைகீழாகத் திரும்பி, முதல் 5 மீட்டரில் மூன்று நான்கு முறை காதைச் சமன் செய்தபடி இறங்குங்கள். காது அடைத்துக்கொண்டால் வலியோடு இறங்காதீர்கள்: மேலே வந்து, கைகாட்டி, தோணியில் ஏறிக்கொள்ளுங்கள். அன்றைய டைவ் அவ்வளவுதான். தனியாகத் துரத்திப் போவது அதைவிட மோசமான தீர்வு.

சுவரைத் தொட்டதும் அதை ஒட்டியே போங்கள். பாறைக்கு ஒரு மீட்டருக்குள் உராய்வினால் ஓட்டம் குறையும். மூன்று மீட்டர் விலகினால் அதே ஓட்டம் ஆளைத் தூக்கிப்போகும். பாறையை நெருங்கி நீந்துவது, ஃபின்னால் பவளத்தை உடைக்காமல் நீந்துவது, இரண்டையும் ஒருசேரச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். தவளைக் காலடி இங்கே உதவும்.

விளிம்பில்

மூலையைச் சுற்றி வாய்க்குள் திரும்பும் அந்தச் சில மீட்டர்தான் ஓட்டம் உச்சத்தில் இருக்கும் இடம். கொக்கி போட வேண்டியது விளிம்புக்குச் சற்று உட்புறம், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி. விளிம்பின் நுனியிலேயே கூட்டமாகத் தலையை நீட்டினால் சுறாக்கள் பின்வாங்கி நீலத்துக்குள் போய்விடும்.

கொக்கிக்குச் செத்த பாறையின் இடுக்கைத் தேடுங்கள். உயிருள்ள பவளத்தில் மாட்டினால் அது முறியும். பாறையாகவே தோன்றும் பழுப்பு நிற உருண்டைப் பவளங்கள் ஏமாற்றும்; மேலே நுண்ணிய துளைகள் வரிசையாக இருந்தால் அது உயிருள்ளதாக இருக்கலாம். இழுத்துப் பார்த்து, உறுதியானதும், பிசிடியில் இரண்டு சின்ன அழுத்தம் அளவு காற்று விடுங்கள். உடல் தரையிலிருந்து எழுந்து பட்டம் போல நிற்கும். இனி காலடிக்கவே வேண்டாம். மூச்சு தானாக இறங்கும்.

முகம் ஓட்டத்துக்கு நேராக இருக்கட்டும். திடீரெனப் பக்கவாட்டில் திரும்பினால் மாஸ்க்கின் ஓரத்தை நீர் தூக்கி உள்ளே புகும். ரெகுலேட்டரில் மூச்சு எளிமையைக் கூட்டிக் குறைக்கும் சிறு நெம்பு இருந்தால் அதைக் குறைவான நிலையில் வையுங்கள். இல்லாவிட்டால் ஓட்டம் பொத்தானை அழுத்திக் காற்று வீணாகக் கொட்டும்.

சாம்பல் சுறா மனிதரைப் பொருட்படுத்தாது. ஆனால் அது முதுகை வளைத்து, பக்கத் துடுப்புகளைக் கீழே இறக்கி, உடலை முறுக்கி முறுக்கி நீந்தினால் 'தள்ளிப் போ' என்கிறது என்று பொருள். துரத்திப் படமெடுப்பதை நிறுத்தி, மெதுவாகப் பின்வாங்குங்கள்.

கொக்கியைக் கழற்றுமுன் பிசிடிக் காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். இதை மறப்பதுதான் கொக்கி விபத்துகளில் அடிக்கடி நடப்பது: பட்டத்தின் நூலை அறுத்தது போல ஆள் மேலே போய்விடுவார். காற்றை விடு, கயிற்றைப் பிடித்து முன்னே நகரு, கொக்கியை எடு, அதைச் சுருட்டிப் பையில் வை. வரிசை மாறக் கூடாது. தொங்கவிட்ட கொக்கி அடுத்த பாறையில் தானாக மாட்டிக்கொள்ளும். இழுபட்டு எடுக்க வரவில்லை என்றால் கத்தியால் அறுத்துவிடுங்கள், கயிறு மலிவானது.

பிறகு கால்வாயின் உட்புறம் ஓட்டத்தோடு போவது. வாயின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் குறுக்கே கடக்க வழிகாட்டி முடிவு செய்தால் ஓட்டத்துக்குச் சாய்வாக, தரையை ஒட்டி, இடைவெளி விடாமல் கடக்க வேண்டும். நடுவில் விளிம்பு ஆழமாகச் சரியும் கால்வாய்களில் கண்ணை ஆழமானியில் வையுங்கள். நீலத்தில் ஒரு திருக்கை வரிசையைப் பார்த்தபடி 34 மீட்டருக்குப் போய்விடுவது எளிது.

எந்தக் கால்வாய்

தொடங்குபவருக்குத் தெற்கு மாலே அடோல் சரி. தலைநகருக்கு அருகில், தோணிப் பயணம் குறைவு. எம்பூது கண்டுவை எம்பூது எக்ஸ்பிரஸ் என்பார்கள். ஏறக்குறைய 2 கி.மீ. நீளத்துக்கு ஓட்டத்தோடு போகலாம். வாயில் சுறாவும் கழுகுத் திருக்கையும். உள்ளே சுவரெங்கும் குடைவுகள், அவற்றின் கூரையில் மென்பவளம். குடைவுக்குள் ஓட்டம் செத்துக் கிடக்கும், இளைப்பாற நல்ல இடம். அதே அடோலின் குராய்தூ கண்டு நடுவே ஒரு பாறைத்திட்டால் இரண்டாகப் பிளந்தது, இரு மூலைகளிலும் ஓட்டம் வேறுபடும். பக்கத்திலுள்ள கண்டூமா திலாவைச் சுற்றி நீர் சுழலும். திலாவின் நெற்றிப் பக்கத்தில் சரியாக இறங்காவிட்டால் டைவ் முழுக்கப் பின்புறத்தின் சுழலில்தான். எம்பூதும் குராய்தூவும் 1995இல் அரசு முதன்முதலாகப் பாதுகாத்த 15 டைவ் இடங்களில் சேர்ந்தவை. நங்கூரம், மீன்பிடிப்பு கிடையாது.

வாவு அடோல் கால்வாய் டைவுக்கான நெஞ்சம். மியாரு கண்டு, தேவன கண்டு, ஃபொத்தேயோ கண்டு மூன்றும் கிழக்குப் பக்கம். மியாருவில் சுறாக் கூட்டம் நிச்சயம் என்று சொல்லலாம், ஓட்டம் உள்நோக்கி இருக்கும் நாளில். தேவனவின் நடுவே நீண்ட திலா கிடப்பதால் காற்று குறைவாக உள்ளவரைத் திலாவின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட முடியும். கலவையான அனுபவமுள்ள குழுவுக்கு இது பொருத்தம். ஃபொத்தேயோ வேறு வகை: விளிம்புக்கடியில் குகைகளும் ஊடுவழிகளும், மஞ்சள், ஆரஞ்சு மென்பவளமும். அங்கே நேரமெல்லாம் சுறாவுக்காகக் கொக்கியில் தொங்குவது வீண். கூரைகளை நிதானமாகப் பாருங்கள், குமிழிகளை அவற்றுக்கடியில் அதிகம் விடாமல்.

தெற்கே ஹுவது அடோல் மிகப் பெரியது, ஆட்கள் குறைவு, ஓட்டம் பலமானது. ஜனவரி முதல் மார்ச் வரை அதன் கிழக்குக் கால்வாய்களில் நீர் கண்ணாடி. முதல் பயணத்திலேயே அங்கே போக வேண்டாம். 2010இல் மாலத்தீவில் சுறாப் பிடிப்பு முழுவதும் தடை செய்யப்பட்டது; இந்தக் கால்வாய்களில் சுறா இன்னும் நிற்பதற்கு அது பெரிய காரணம்.

கோணல் நடந்தால்

குழுவைத் தவறவிட்டால்: ஒரு நிமிடம் சுற்றிப் பாருங்கள், மேலேயும் குமிழிகளைத் தேடுங்கள். இல்லையென்றால் ஏறுங்கள். ஏறும்போதே எஸ்எம்பியை விடுங்கள், நிறுத்தத்தையும் செய்யுங்கள்.

கீழிழுப்பு: உங்கள் குமிழிகள் மேலே போகாமல் பக்கவாட்டிலோ கீழேயோ போனால், காதில் அழுத்தம் கூடினால், அதுதான். நேராக மேலே காலடித்து ஜெயிக்க முடியாது. பாறை கைக்கெட்டினால் அதைப் பிடித்து ஏணி போல ஏறுங்கள். அப்போது பவளத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம். எட்டாவிட்டால் சுவரிலிருந்து விலகி நீலத்தை நோக்கிக் குறுக்காக நீந்துங்கள், பிசிடியில் காற்றைச் சேர்த்தபடி. இழுப்பு விட்ட கணமே அந்தக் காற்று உங்களை மேலே எறியும். கை வெளியேற்றும் பொத்தானில் இருக்கட்டும்.

மூச்சிரைப்பு: 28 மீட்டரில் ஓட்டத்தை எதிர்த்துக் காலடித்தவருக்கு ரெகுலேட்டர் 'காற்றே தரவில்லை' என்று தோன்றும். பழுது ரெகுலேட்டரில் இருக்காது. வேகவேகமான அரைமூச்சில் கரியமில வாயு வெளியேறாமல் சேர்ந்துவிட்டது. தலைவலி, பதற்றம், மேலே ஓட வேண்டும் என்ற வெறி, எல்லாம் அதனால் வருவது. காலை நிறுத்துங்கள், பாறையைப் பிடியுங்கள், நீளமாக மூச்சை வெளியே விடுங்கள். ஒரு நிமிடத்தில் தணியும். தணியாவிட்டால் டைவை முடியுங்கள்.

மேலே வருவது

உட்புறத் தரை 12, 15 மீட்டருக்கு ஏறி வந்ததும் எஸ்எம்பிக்குத் தயாராகுங்கள். ஸ்பூல் நூல் உடலில் எங்கும் மாட்டாமல் கை நீட்டிப் பிடித்து, மேலே படகில்லை என்று பார்த்து, குழாய்க்குள் ஒரு மூச்சளவு காற்று விடுங்கள். 10 மீட்டரிலிருந்து போகும்போது அது விரிந்து நிமிரும். நூல் சிக்கினால் ஸ்பூலை விட்டுவிட வேண்டும், அதோடு சேர்ந்து நீங்களும் மேலே போகக் கூடாது. கால்வாய்கள் விரைவுப்படகுகளின் பாதையும்கூட. குழாய் இல்லாமல் தலையை மட்டும் நீட்டுவது சாலை நடுவே உட்காருவதற்குச் சமம்.

5 மீட்டரில் மூன்று நிமிடம், ஓட்டத்தோடு நகர்ந்தபடி. மேலே வந்ததும் மாஸ்க்கும் ரெகுலேட்டரும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கூட்டமாகச் சேர்ந்து நில்லுங்கள். தோணி உங்களிடம் வரும், நீங்கள் தோணியை நோக்கி நீந்த வேண்டாம். இயந்திரம் நின்றதை அல்லது கியர் விடுபட்டதைப் படகோட்டி கைகாட்டிச் சொன்ன பிறகே ஏணிக்குப் போங்கள். ஃபின்னைக் கடைசியாக, ஏணியைப் பிடித்த பிறகு கழற்றுங்கள். ஒருவர் ஏறும்போது அவருக்கு நேர் கீழே யாரும் நிற்கக் கூடாது: அலையில் தோணி ஆடினால் 15 கிலோ சிலிண்டரோடு அவர் விழுவது உங்கள் தலையில்தான். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரம் விடுங்கள், மாலேக்குக் கடல் விமானத்தில் திரும்புவதாக இருந்தாலும்.